கேட்டு வாங்கிய முகங்கள்

அன்புள்ள குணா,

அப்பா நலம், நான் நலம், எதிர்வீட்டு நாயும் நலம். உன் கடிதம் போன மாதமே வந்து சேர்ந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்துவிடாதே. நீ கேட்ட காரியமாகத்தான் ஈப்போவுக்கும் ஜெலாப்பாங்குக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தேன். லண்டன் குளிர், சாப்பாடு, துணி துவைக்கிற மெஷின் என்று நீ எழுதியிருந்ததை எல்லாம் ஒரு தடவை வாசித்தேன். கடைசிப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மனித முகங்களை அடையாளம் கண்டுகொள்ளக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறீர்களாம். அதற்குக் காட்டுகிற படங்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படங்களாம். உன்னைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினால் அது ஒவ்வொரு தடவையும் உன்னோடு படிக்கிற வங்காளப் பையனின் பெயரைச் சொல்கிறதாம். நீ அதைச் சிரிப்பாக எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. பெற்றவள் நான் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், என் பிள்ளையை வேறு எவனோ என்று சொல்ல அந்தப் பெட்டிக்கு என்ன திமிர் என்று நினைத்தேன்.

அலமாரியின் மேல் நான் வைத்திருக்கும் பிஸ்கட் டின்களைத்தான் நீ கேட்டிருந்தாய். நான் வேலை செய்த போட்டோ ஸ்டூடியோவை நம் சீன முதலாளி தவுக்கே மூடிவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனபோது, எரிக்க மனம் வராமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போன நெகட்டிவ்கள் அவை. ‘நம் ஆட்களின் முகங்கள் அதில் நிறைய இருக்கிறதே அம்மா, அப்படியே பார்சல் போட்டு அனுப்புங்கள், என் ஆராய்ச்சி முடிந்துவிடும், பட்டத்தோடு ஊர் வந்து சேருவேன்’ என்று எழுதியிருந்தாய். அந்த மெஷின் நாளைக்கு என்னென்ன செய்யும் என்றும் எழுதியிருந்தாய். பேங்கில் ஆளைத் தெரிந்துகொள்ளும், விமான நிலையத்தில் திருடனைப் பிடித்துக் கொடுக்கும், காணாமல் போனவர்களைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கும், ஃபேக்டரி வாசலில் கார்டு அடிக்காமலே ஆளை உள்ளே விடும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. “அப்ப லேட்டா வாரவனுக்கு மச்சான்மாருங்க கார்டு அடிச்சிக் குடுக்க முடியாதே லா,” என்றார். ஜெலாப்பாங் ஃபேக்டரியில் இத்தனை வருஷமாக அவர் எப்படி நேரம் தவறாத மனிதராக இருந்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனாலும் உன் பக்கம்தான் அவர் பேசினார். “புள்ள கேக்குறான், அனுப்பிடு. சும்மாதான கெடக்குது,” என்றார். “அது நம்ம வீட்டுச் சாமானா? ஊரார் மூஞ்சி,” என்றேன். “மூஞ்சி அவனவன்கிட்டதான் இருக்கு. இது வெறும் பிலிமு,” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் சொன்னதும் நியாயம்தான் என்று முதலில் எனக்கும் தோன்றியது. டின்களை இறக்கித் துடைத்துக்கூட வைத்துவிட்டேன். ஒரே ஒரு நெகட்டிவ் கையில் தட்டுப்பட்டதும் பார்சல் கட்டுகிற வேலை நின்றுபோனது. அது யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் அங்கே என்ன வேலை செய்தேன் என்று சொல்ல வேண்டும். படம் எடுப்பவர் தவுக்கே, உங்கம்மா கணக்குப்பிள்ளை என்றுதானே இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

நான் அங்கே டச்சிங் வேலை பார்த்தேன். சன்னல் ஓரமாக, பெரிய பிலிமை ஒரு கண்ணாடிப் பலகையில் சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதில் கறுப்பைக் கூட்டினால் படத்தில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, மரு, கன்னத்துக் குழி எல்லாம் என் பென்சிலைக் கண்டால் ஓடிவிடும். தவுக்கேவுக்கு “கசி சாந்தேக்”, அழகாக்கு என்று மலாயில் சொல்லத்தான் தெரியும், அழகாக்கிக் கொடுப்பது நான். ரப்பர் தோட்டங்களிலிருந்து கல்யாணத்துக்குப் பெண் படம் எடுக்க வருவார்கள். மாப்பிள்ளை வீடு தூரமாக இருந்தால் முதலில் படம்தான் போகும், படம் பிடித்தால்தான் ஆட்கள் வருவார்கள். அதனால் எல்லாத் தாய்மாரும் என்னிடம் வந்து, “கொஞ்சம் செவப்பா போட்டுக் குடும்மா,” என்று காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். போட்டுக் கொடுத்தேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பேராக்கில் பாதிக் கல்யாணம் என் பென்சிலால் நடந்தது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அடையாள அட்டைக்கு எடுக்கிற ஐசி படத்தில் மட்டும் கை வைக்க மாட்டோம். ஆபிசில் முகத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களே.

எழுபதுகளில், நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில், அப்படிப் படம் எடுக்க வந்தவள் ஒருத்தி. அவளை அஞ்சலை என்று வைத்துக்கொள். அது அவள் பெயர் இல்லை. அவள் இப்போது இருக்கும் ஊரையும் மாற்றித்தான் எழுதப் போகிறேன், ஏன் என்று போகப் போக உனக்கே தெரியும். பால்மரம் வெட்டுகிற பெண். இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு, இடது கண்ணுக்குக் கீழே மிளகு அளவு மரு. நான் தழும்பை எடுத்தேன், மருவை எடுத்தேன், நிறத்தையும் கொஞ்சம் தூக்கிவிட்டேன். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகில் வேலை செய்த ஒருவனுக்குப் படம் போனது, பிடித்துப் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் நகை, சீர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்து காப்பித் தட்டை நீட்டியவளின் முகத்தை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் படம் எடுக்கவும் நம் ஸ்டூடியோவுக்குத்தான் ஜோடியாக வந்தார்கள், அதிலும் அவள் முகத்தை நான் டச்சிங் செய்தேன்.

அதன் பிறகு சில வருஷம் கழித்து ஒரு காலையில் அவள் மட்டும் வந்து நின்றாள். ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. “தோட்டத்துல அம்மா வீட்டுக்குப் போனா எம்புருசன் அங்கதான் மொதல்ல வந்து நிப்பான்க்கா. சின்னப் புள்ளையில எடுத்த ஐசிதான், அதையும் ஒளிச்சி வெச்சிட்டான்,” என்றாள். ஐசி இல்லாமல் இந்த நாட்டில் எங்கே போக முடியும்? வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் என்ன காட்டுவாள்? புது ஐசிக்குப் படம் வேண்டும், வீங்கின முகத்தோடு எடுத்தால் அந்தப் படம் அவளாக இருக்காது. வீக்கம் வற்றுகிற வரைக்கும் நம் வீட்டில்தான் தங்கினாள். உனக்குச் சோறு ஊட்டினாள், உனக்கு நினைவிருக்காது. பிறகு தவுக்கே படம் எடுத்தார். தழும்பு, மரு எல்லாம் அப்படியே இருந்தது. படத்தை வாங்கிப் பார்த்தவள் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டே இருந்தாள். “இது நானேதான்க்கா,” என்று சிரித்தாள். வேறு ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தங்கையிடம் சொல்லி, தவுக்கேதான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். ஒருவன் கடைக்கு வந்தான், கல்யாணப் படத்துக்கு மாலையோடு நின்றவன்தான் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பார்க்கச் சாதுவாக இருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான். நான் டச்சிங் செய்து கொடுத்த அந்தப் பெண் பார்க்கும் படம். “இதுவும் இங்கதான எடுத்தது? என் பொஞ்சாதிக்கா. கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா. சோறு எறங்கல எனக்கு. நீங்க எங்கயாச்சும் பாத்தீங்களா?” என்றான். அவன் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. நான் கொஞ்சம் இளகித்தான் போனேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே குரலில், “இந்தத் தடவ கெடச்சா கால ஒடச்சித்தான் வீட்ல வைக்கணும்,” என்றான். நான் படத்தை அவன் பக்கமே தள்ளினேன். “ஆயிரம் பேரு வந்து போற கட தம்பி, யார ஞாபகம் வெச்சிக்கிறது?” என்றேன். “பரவால்லக்கா. நெகட்டிவ் இருக்குமுல்ல? பெரிசா காப்பி போட்டுக் குடுங்க. பஸ் ஸ்டாண்டு, பசாரு எல்லா எடத்துலயும் குடுத்துக் கேக்குறேன். நாளைக்கு வாரேன்,” என்று சொல்லி முன்பணமும் வைத்துவிட்டுப் போனான்.

முடியாது என்று சொன்னால் சந்தேகப்படுவான். வேறு கடையில் கொடுத்து, கையில் இருக்கிற படத்தையே திரும்பப் படம் எடுக்கச் சொல்லுவான். நான் தவுக்கேயைப் பார்த்தேன். அவர் சிகரெட்டை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு அந்த நெகட்டிவைத் தேடி எடுத்து என் பலகையில் வைத்து, “கசி சாந்தேக் லாகி,” என்றார். இன்னும் அழகாக்கு என்கிறார்! ஒரு கணம் விளங்கவில்லை, விளங்கியதும் பென்சிலைச் சீவினேன். உட்கார்ந்தேன். மூக்குத் தண்டில் ஒரு கோடு வெளிச்சம் ஏற்றினேன், மூக்கு எடுப்பாகிவிட்டது. கன்னத்தைப் பூசி மெழுகினேன், கழுத்தை வெளுத்தேன், கண்ணில் ஒரு மினுக்கு வைத்தேன். அப்பளம் மாதிரி தட்டையாக இருந்த முகத்தைச் சினிமா நோட்டீஸில் வரும் முகமாக்கிவிட்டேன். இதைப் பார்த்து அவன் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்று பயமாகவும் இருந்தது. மறுநாள் வந்தான். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். “ஆமாக்கா, இவதான்! அப்பிடியே இருக்கா!” என்றான். அவன் போன பிறகு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது, குணா. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவன், ஒரு நாளாவது அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டானா?

அவன் ஊர் ஊராகப் போனான். பஸ் கண்டக்டர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு லட்சணமான பெண் இந்தப் பக்கம் இல்லையே என்று உண்மையாகவே கையை விரித்தார்கள். அஞ்சலை வேலை செய்த கடைக்கே ஒருவர் படத்தைக் கொண்டுவந்து அவளிடமே காட்டிக் கேட்டாராம். அவளும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாளாம். தைப்பிங்கில் யாரோ ஒரு சிவத்த பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து, அவளுடைய அண்ணன்மாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். அதைக் கேட்ட அன்றைக்கு நான் பாயாசம் வைத்தேன். எதற்குப் பாயாசம் என்று அப்பா கேட்டார், சும்மாதான் என்றேன்.

‘காணாமல் போனவர்களைக் கண்டுபிடிக்கலாம் அம்மா’ என்று நீ எழுதிய வரியில் நான் ஏன் நின்றுவிட்டேன் என்று இப்போது தெரிகிறதா? நீ நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை உன் மனசில் இருந்திருக்கும். எனக்குக் காணாமல் போனவர்கள் என்றதும் அஞ்சலை ஞாபகம்தான் வந்தது. தேடுகிறவன் யார் என்று உன் மெஷின் கேட்குமா? மாறுவேஷம் போட்டாலும் அதை ஏமாற்ற முடியாது என்று வேறு எழுதியிருக்கிறாய், என் பென்சில் எம்மாத்திரம்? கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தையும், மூக்கின் நீளத்தையும் அளந்து பார்க்கும் என்கிறாய். டின்னில் என் கையில் தட்டுப்பட்டது அவளுடைய ஐசி நெகட்டிவ். அவளை உள்ளபடி காட்டுகிற முகம் அது ஒன்றுதான். அது பார்சலில் போய், மெஷினில் ஏறி, அங்கிருந்து யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று உன்னால் சொல்ல முடியுமா? உன் மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. அந்த மெஷின் கடைசிவரைக்கும் உன் கையிலேயே இருக்கப் போவதில்லையே.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். மெஷின் என் பிள்ளையின் முகத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், அதற்கு நம் முகங்கள் வேண்டும், அது சரி. ஆனால் கேட்காமல் ஒருவர் முகத்தையும் அனுப்ப மாட்டேன். டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தோட்டம் கைமாறின பிறகு ஆட்கள் பாதிப்பேர் ஜெலாப்பாங் பக்கம் மலிவு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், அதனால் தேடுவது சுலபமாக இருந்தது. முனியாண்டி அண்ணன் உன் அப்பாவின் ஃபேக்டரியில்தான் இப்போது காவலுக்கு நிற்கிறார். “என் மூஞ்சி லண்டன் போவுதா? நான் பினாங்கே பாத்ததில்ல லா! அனுப்புங்க, அனுப்புங்க. தலையில முடி இருக்கிற படம்தான?” என்று குதித்தார். அவர் மருமகள், “டச்சிங் பண்ணதா, பண்ணாததா?” என்று கேட்டாள். பண்ணாததுதான் வேண்டுமாம் என்றேன். “ஐயே, அப்ப என்னுது வேணாம்க்கா,” என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாரித்தார். “படத்தை வச்சு என்ன செய்யப்போறான், ஆருக்குக் காட்டப்போறான் எண்டு ஒரு கடதாசியிலை எழுதித் தரச்சொல்லும். பிறகு பாப்பம்,” என்றார். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிவிடு, மரியாதையாக எழுது. இறந்துபோனவர்களுக்கு அவர்கள் பிள்ளைகளைக் கேட்டேன். ஒரு பெண் தன் தாயின் நெகட்டிவை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியாகக் காம்பாருக்குப் போனேன். காம்பார் என்று வைத்துக்கொள். பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இப்போது அஞ்சலைக்குச் சொந்தமாக ஒரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுக் கடை இருக்கிறது. சதை போட்டிருக்கிறாள், மரு அப்படியே இருக்கிறது. உன் படத்தை அனுப்ப மாட்டேன், பயப்படாதே என்று சொல்லத்தான் போனேன். நீ அங்கே செய்கிற வேலையை எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கிச் சொன்னேன். அவள் வாழை இலையில் சோற்றை வைத்துச் சம்பல் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“அந்த மெசினு பொம்பளைங்கள மட்டும்தான் தேடுமாக்கா?”

“இல்ல, யாரோட படத்தப் போட்டாலும் தேடுமாம்.”

இலையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்த நேரம் ஒரு பஸ் வந்து நின்றது. அவள் என்னை விட்டுவிட்டு இறங்குகிற ஆட்களைப் பார்த்தாள், ஒவ்வொருவராக, கடைசி ஆள் இறங்கி பஸ் கிளம்புகிற வரைக்கும். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப என் மூஞ்சி எதுக்குக்கா? அவன் மூஞ்சியப் போடச் சொல்லுங்க தம்பிகிட்ட. இங்க வந்து எறங்குனா எனக்கு ஒரு மணி அடிச்சாப் போதும். இத்தன வருசமா நானேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ணு வலிக்குதுக்கா.”

 அவள் கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன், பக்கத்தில் இருந்த சீனக் கிழவி எனக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தாள்.

சம்மதம் சொன்னவர்களின் நெகட்டிவ்கள் எல்லாம் இதோடு வருகின்றன. உறையின் மேல் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது, படிப்பு முடிந்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா. அஞ்சலையின் ஐசி நெகட்டிவை அவளிடமே கொடுத்துவிட்டேன். மீதி இருப்பது அந்தக் கல்யாண ஜோடிப் படம். பெண்ணின் பாதியை வெட்டி எடுத்துவிட்டேன், அவன் பாதி என் முன்னால் மேஜையில் கிடக்கிறது. மாப்பிள்ளைகள் முகத்தில் என்னை யாரும் டச்சிங் செய்யச் சொன்னதில்லை, அதனால் அது அச்சு அசலாக அவனேதான். “அந்தப் பயல மொதல்ல அனுப்பு,” என்கிறார் அப்பா. எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரையும் கேட்டேனே, இவனைக் கேட்கவில்லையே. இவனைத் தேடச் சொல்லி அனுப்புகிற மெஷின் நாளைக்கு இவன் சொன்னாலும் தேடுமே. நீ படித்தவன், எனக்கு ஒன்று மட்டும் சொல். அவன் வந்தால் அவளுக்கு மட்டும் மணி அடிக்கிற மாதிரி, அவளை யார் தேடினாலும் வாயைத் திறக்காத மாதிரி ஒரு மெஷினை உன்னால் செய்ய முடியுமா? முடியும் என்று நீ உன் கையால் எழுது, அன்றைக்கே அவன் பாதியைத் தபாலில் சேர்க்கிறேன். முடியாது என்றால் அதையும் மறைக்காமல் எழுது, நான் போய் அவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் சீக்கிரம் எழுது, குணா. அங்கே பஸ் வந்துகொண்டே இருக்கிறது.

உன் அம்மா